கதையைப் பூட்டினால் கேள்வி போய்விடுமா?



குழந்தைகளுக்கு நாம் கதை சொல்வது எதற்காக? வெறுமனே தூங்க வைப்பதற்காகவா? அன்று. நல்லவர் யார், தீயவர் யார், யாரைப் போல வாழ வேண்டும் என்பதைப் பிள்ளை முதன்முதலில் அறிவது கதையின் மூலமாகத்தான். திருக்குர்ஆனில் நபி யூசுஃப் (அலை) அவர்களின் சரித்திரம் ஒரு முழு அத்தியாயமாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். ஆகவே கதை அற்ப விஷயமன்று.

முன்பெல்லாம் ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டி, ராட்சதனைக் கொன்று, ராஜகுமாரியை மணந்து கொள்வான். இக்காலத்தில் வேறு விதமான கதைகளும் வந்துவிட்டன. 2000-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் வெளிவந்த ஒரு படக்கதையில் ராணி தன் மகனுக்குப் பெண் பார்க்கிறாள். ராஜகுமாரிகள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். அவன் மனமோ ஒரு ராஜகுமாரியின் சகோதரன்மீது செல்கிறது. 2018-ல் அமெரிக்காவில் வந்த மற்றொரு கதையில் ராஜகுமாரனும் ஒரு போர்வீரனும் சேர்ந்து டிராகனை வென்று, பின்பு ஒருவரையொருவர் மணக்கிறார்கள்.

நமது மார்க்கத்தில் நிக்காஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது. இதில் எனக்கு ஐயமில்லை, வாசகர்களுக்கும் இராது. அத்தகைய கதை நம் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால் தகப்பனுடைய கடமை என்ன என்பதே என் கேள்வி.

2014 ஜூலையில், நோன்பு மாதத்தில், சிங்கப்பூரில் இந்த விவகாரம் பெரிதாக எழுந்தது. தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை அலமாரியிலிருந்து அகற்றியது. அவற்றுள் ஒன்று, நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பெங்குவின்கள் ஒரு குஞ்சை வளர்த்த கதை. ஒரு நூல் கூழாக்கப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்துச் சுமார் 400 பேர் குழந்தைகளோடு நூலகத்தில் கூடிப் படித்தார்கள். அகற்றியதே சரி என்றவர்களும் பலர். முடிவில் அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் மற்ற இரண்டு நூல்களையும் பெரியவர் பகுதியில் வைக்கும்படி பணித்தார். வேண்டும் பெற்றோர் எடுத்துக் கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் நூலகத்தில் இது நடுநிலையான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்திலும் இப்படியொரு வழக்கு நடந்தது. அந்த ராஜகுமாரன் கதையும் வேறு சில கதைகளும் வகுப்பில் வாசிக்கப்பட்டபோது, முஸ்லிம் பெற்றோரும் கிறிஸ்தவப் பெற்றோரும், "முன்கூட்டித் தெரிவியுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அந்நேரம் விலக்குத் தாருங்கள்" என்று கேட்டார்கள். புத்தகத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. 2025 ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பலதரப்பட்டவரோடு பழகக் கற்பதே பொதுப் பள்ளியின் பயன் என்று மற்ற மூவரும் மாறுபட்டார்கள். தீர்ப்பு நியாயமென்றே எனக்குப் படுகிறது. ஆனால், வகுப்பிலிருந்து அழைத்து வந்த பிள்ளையிடம் வீட்டில் என்ன பேசுவது? அதை எந்த நீதிமன்றமும் சொல்லித் தராது.

இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். ஒரு நாள் இரவு கடை அடைத்து வந்து சோற்றில் கை வைத்தேன். எட்டு வயது மகள் கேட்டாள்: "வாப்பா, ஒரு ராஜகுமாரன் இன்னொரு ராஜகுமாரனைக் கட்டிக்கலாமா?" யாரோ வாசித்த கதையைக் கைப்பேசியில் கேட்டிருக்கிறாள். "சீ! வாயை மூடு" என்று அதட்டிவிட்டு, கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அதன்பின் இரண்டு வாரம் அவள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. முன்பெல்லாம் என் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துச் சங்கதிகளையெல்லாம் ஒப்பிப்பவள். "புள்ள உங்ககிட்டப் பேசவே பயப்படுது" என்றாள் என் மனைவி. ஒரு வெள்ளிக்கிழமை அவளை அருகில் அழைத்துக் கேட்டேன். மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அவள் வகுப்பில் ஒரு பையன். மெதுவாகப் பேசுவான், பெண் பிள்ளைகளோடு விளையாடுவான். அவனை ஒரு பட்டப்பெயர் சொல்லி எல்லாரும் சிரிப்பார்களாம். இவளும் சொல்லியிருக்கிறாள். அவன் அழுதுவிட்டான். அதற்குப் பிறகுதான் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். தான் செய்தது தப்போ என்ற பயத்தில்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

"அந்தப் பேரை எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்றேன்.

"நம்ம கடையிலதான் வாப்பா. மாமாமாரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்களே. நீங்களும் சிரிப்பீங்களே."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏளனத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. மதரஸாவில் அதை நான் ஓதியவன். ஓதினேன், பேணவில்லை. எங்கிருந்தோ வந்த கதை என் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினேன். என் கல்லாப்பெட்டி அருகிலேயே அவள் கெட்ட சொல்லைக் கற்றுக்கொண்டதை அறியாதிருந்தேன்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு உபதேசித்ததை நினைத்துப் பாருங்கள். அன்போடு விளித்துத் தாமே பேசினார்கள். குரலைத் தாழ்த்திப் பேசு என்பதும் அந்த உபதேசத்தில் ஒன்று. நானோ கேள்வியைக் கேட்டதும் குரலை உயர்த்தினேன்.

அன்று மகளிடம் சொன்னேன்: "நம்ம மார்க்கத்துல கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான்மா. வேற மாதிரி வாழுறவங்களும் உலகத்துல இருக்காங்க. அவங்க கணக்கு அல்லாஹ்விடம். ஆனா யாரையும் கேலி பண்ண நமக்கு உரிமை இல்லை. நீ அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேளு. நானும் கடையில அந்தப் பேச்சை நிறுத்திடறேன்."

இப்படிச் சொல்வது மார்க்கத்தில் விட்டுக்கொடுப்பது ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. விலக்கப்பட்டதை விலக்கப்பட்டது என்பது வேறு, மனிதனை இழிவுபடுத்துவது வேறு. நாம் விற்காத சரக்குகள் எத்தனையோ உண்டு. பக்கத்துக் கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக அவரோடு பேசாமல் இருக்கிறோமா? காலையில் அவருக்கு முகமன் கூறித்தான் கடையைத் திறக்கிறோம்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த விசாரணையில் நூலக அலமாரியைக் காட்டித் தப்ப முடியாது. கதையைப் பூட்டி வைக்கலாம்; கேள்வியைப் பூட்ட இயலாது. நம்மிடம் கேட்கத் துணியாத பிள்ளை ஊராரிடம் கேட்கும். ஊரார் என்ன சொல்வார்கள் என்பது நம் கையில் இல்லை.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை ஸாலிஹானவர்களாக ஆக்கி, நம் நாவுகளையும் காத்தருள்வானாக. ஆமீன்.