அம்மாவிடம் சொல்லாமல்

காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஆவின் பால்பண்ணையைத் தெரியாமல் இருக்காது. நம்ம ஊரில் பால் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட உணவு. ஆனால் சில குழந்தைகளுக்கு, புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாது. பால், பருப்பு, முட்டை என எதிலிருந்து வந்தாலும் அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். தாய்ப்பாலும் விதிவிலக்கு இல்லை. இந்த நோயை 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டுபிடித்தார். பெயர் ஃபீனைல்கீட்டோன்யூரியா, சுருக்கமாக பி.கே.யு. ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்த பிறகும் நெடுங்காலம் சிகிச்சை கிடைக்கவில்லை.

1950களின் தொடக்கத்தில், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கெல் என்ற இளம் மருத்துவரிடம் ஒரு சிறுமி வந்தாள். ஏறக்குறைய இரண்டு வயது. நிற்கவோ பேசவோ முடியாது. அழுதபடி தலையை மோதிக்கொண்டே இருப்பாள். சோதனை முடிவைக் காட்டி நோயை விளக்கினார் பிக்கெல். அம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை. 'சரி, என் பிள்ளைக்கு என்ன செய்யப்போறீங்க?' என்பதுதான் அவர் கேள்வி. விடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிக்கெலும் ஜான் ஜெரார்ட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகியோரும் பால் புரதத்தைச் சிதைத்து, கரி வழியாக வடித்து, ஃபீனைல்அலனைனை நீக்கிய உணவைத் தயாரித்தார்கள். பத்து மாதத்தில் சிறுமி தவழ்ந்தாள், நின்றாள், நாற்காலியில் ஏறினாள். தலையை மோதுவது நின்றது.

பிறகுதான் சிக்கல். முன்னேற்றத்துக்கு உணவுதான் காரணமா? தெரிந்துகொள்ள, அம்மாவிடம் சொல்லாமல், அந்த உணவில் தினமும் 5 கிராம் ஃபீனைல்அலனைனைக் கலந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் மாற்றம் தெரிந்தது. மறுநாள் பழைய அழுகை, பழைய மோதல். சில நாட்களில் பத்து மாத முன்னேற்றம் அநேகமாகப் போய்விட்டது. 1953இல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார்கள். 'அம்மாவுக்குத் தெரியாமல்' என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

மென்பொருள் ஆட்களுக்கு இந்தத் தர்க்கம் பழக்கமானது. ஒரு பிழையைத் திருத்திய பிறகு, திருத்தத்தை எடுத்துவிட்டு, பிழை திரும்ப வருதான்னு பார்ப்போம். வந்தால்தான் நம்புவோம். ஆனா நாங்க அதைச் சோதனைச் சர்வரில் செய்வோம். இங்கே சர்வர் ஒரு குழந்தை.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அவர் பயமே அவர் கண்ணை மாற்றியிருக்கும். நிரூபணம் இல்லாமல் மற்ற மருத்துவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தச் சந்தேகத்தின் விலையை வேறு குழந்தைகள் கொடுத்திருப்பார்கள். இன்று பல நாடுகளில் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ரத்தம் எடுத்து இந்த நோயைத் தேடுகிறார்கள். உணவுச் சிகிச்சை இருப்பதால்தான் அந்தத் தேடலுக்கு அர்த்தம்.

ஆனால் 'மறைத்தால்தான் உண்மை தெரியும்' என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'வரும் வாரங்களில் ஒரு நாள் உணவை மாற்றுவோம், எந்த நாள் என்று சொல்லமாட்டோம், சம்மதமா?' என்று கேட்டிருக்கலாமே. நாளை மறைப்பது வேறு, சோதனையையே மறைப்பது வேறு. பிற்பாடு அம்மாவின் சம்மதத்தோடு மருத்துவமனையில் இதே சோதனையை மீண்டும் செய்தார்கள். கேட்டிருந்தால் முதல் தடவையே கிடைத்திருக்கக்கூடிய சம்மதம் அது.

உணவு மருந்தாகிற நோயில் இது இன்னும் கனமான விஷயம். ஃபீனைல்அலனைன் கொஞ்சமும் இல்லாமல் உடல் வளராது, கூடினால் மூளை கெடும். அந்த அளவை ஒவ்வொரு வேளையும் எடைபோட்டுக் காப்பது ஆய்வகம் அல்ல, அடுக்களை. இந்தியாவின் 2021 அரிய நோய்கள் கொள்கையும், சிறப்பு உணவால் சமாளிக்கும் நோய்களில் பி.கே.யுவைச் சேர்த்திருக்கிறது. நம்ம வீடுகளில், பருப்புச் சாதம் ஊட்ட வரும் பாட்டியைத் தடுத்து நிறுத்தப்போவதும் பெரும்பாலும் அந்த அம்மாதான்.

அப்படியானால் அவர் நோயாளியின் உறவினர் மட்டுமல்ல, சிகிச்சையை நடத்துகிறவர். பர்மிங்ஹாமில் கேள்வியைத் தொடங்கியவரும் அவர், மாற்றத்தை வீட்டில் கண்டவரும் அவர். எல்லாவற்றையும் பார்த்தார், ஏன் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தன் சமையலில்தான் ஏதோ தப்பு என்று அந்த நாட்களில் அவர் நினைத்திருந்தால்? சோதனையின் பலன் உலகத்துக்குக் கிடைத்தது. அந்த நாட்களின் பயத்தை அவர் தனியாகச் சுமந்தார். பலன் பெரிது என்பதற்காக அந்தக் கணக்கை நேர்செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.