இடையில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லலாமா?

காண்டல், கருதல், உரை என்று அறிவு வரும் வழிகளை மூன்றாக வகுத்தது சைவ சித்தாந்தம். மூன்றில் நாம் அதிகம் நம்பி வாழ்வது உரையைத்தான். பிறந்த நாள் முதல் முன்னோர் வரலாறு வரை, பிறர் சொல்லக் கேட்டே அறிந்திருக்கிறோம். அந்தச் சொல் பல வாய்கள் கடந்து வருகிறது. இடையில் நிற்பவரின் கடமை என்ன? கேட்டதைக் கேட்டபடி சொல்வதா, பிழை என்று பட்டதைத் திருத்திச் சொல்வதா? கூட்டாமல் குறைக்காமல் சொல்பவரே நேர்மையானவர் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நான் காட்டும் சான்று சமய நூலிலிருந்து வரவில்லை. கணினிப் பலகைகளில் இருக்கும் ரிப்பீட்டர் என்ற சிறு சில்லிலிருந்து வருகிறது.

நொடிக்கு 32 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் தடத்தில் ஒரு பிட்டின் ஆயுள் ஏறத்தாழ 31 பிகோநொடி. அந்த வேகத்தில் சில அங்குலச் செம்புத் தடமே சிக்னலை நசுக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு இரைச்சல். பக்கத்துத் தடத்திலிருந்து கசிவது, மின்வழங்கியிலிருந்து ஏறுவது ஆகியவற்றைக் கவனமான வடிவமைப்பால் குறைக்கலாம். ஒரே சிக்னலை இரு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், இரண்டிலும் பொதுவாக ஏறிய இரைச்சல் பெருமளவு அடிபட்டுப் போகும். ஆனால் மின்தடை உள்ள எந்தப் பொருளும் வெப்பத்தாலேயே இரைகிறது. ஜான்சன் அதை அளந்தார். நைக்விஸ்ட் 1928இல் கணக்கால் விளக்கினார். சூடு இருக்கும்வரை அந்த இரைச்சலும் இருக்கும்.

இதைச் சமாளிக்கும் ரிப்பீட்டர் சில்லுகள் இருவகை. ரீட்ரைவர் வந்ததைப் பெருக்கி அனுப்புகிறது. வழியில் தேய்ந்த உயர் அதிர்வெண்களை அதிலுள்ள ஈக்வலைசர் தூக்கிவிடுகிறது. அதே அதிர்வெண்களில் இருக்கும் இரைச்சலும் கூடவே எழுகிறது. சிக்னல் எது, இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. ரீடைமர் வேறு மாதிரி. வருகிற அலையிலிருந்தே தாளத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: வரம்புக்கு மேலா, கீழா? விடை கிடைத்ததும் பழைய அலையைக் கைவிட்டுப் புதிய அலையை எழுதுகிறது. ஆயிரக்கணக்கான பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆசிலாஸ்கோப்பில் வரைந்தால் நடுவில் கண் போன்ற ஒரு திறப்பு தெரியும். பொறியாளர்களும் அதைக் கண் என்றே சொல்கிறார்கள். இரைச்சல் ஏற ஏற இமைகள் நெருங்கும். முழுதும் மூடிக்கொள்வதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

தொலைபேசிக்காரர்கள் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். பெருக்கிகளைத் தொடராக வைத்தால் ஒவ்வொன்றும் தன் இரைச்சலையும் சேர்த்துக் கடத்தும். நூறு கட்டம் கடந்தால் நூறு பங்கு. அலெக் ரீவ்ஸ் பாரிசில் பணியாற்றியபோது 1938இல் காப்புரிமை கோரிய எண்முறைக் குறியீட்டின் நோக்கமே இந்தக் குவியலிலிருந்து தப்புவதுதான். 1962இல் அமெரிக்காவில் தொடங்கிய டி1 என்ற எண்முறைத் தொலைபேசித் தடத்தில் சுமார் 1.8 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் நின்று பிட்டுகளைப் புதிதாக எழுதியது. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு: 'அப்படியே' கடத்துவது என்று ஒன்று கிடையாது. தீர்ப்புச் சொல்ல மறுப்பவர் மூலத்தோடு தம் இரைச்சலையும் சேர்த்தே கொடுக்கிறார். அதுவும் தாம் ஒன்றும் செய்யவில்லை என்ற நிம்மதியோடு. என்ன சொல்லப்பட்டிருக்க முடியும் என்பதை அறிந்தவரால்தான் சொல்லப்பட்டதைக் காக்க முடிகிறது.

சுற்றுக்கு இரண்டே விடை. மனிதச் சொல்லுக்கு அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மொழிக்கும் அதன் அளவில் வரம்புகள் உண்டு. பழைய ஓலைகளில் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ரகரமும் காலும் ஒரே வடிவம். பார்த்து எழுதியவர் ஒவ்வொரு எழுத்திலும் தீர்ப்புச் சொல்லியே நகர்ந்தார். இலக்கணமும் யாப்பும் அவருக்கு வரம்பு. வெண்பாவில் தளை தட்டினால் அங்கே ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். தளை தட்டாத இரு பாடங்கள் எதிரே நின்றால்தான் சிக்கல்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெருக்கியின் பிழை கரகரப்பாகவாவது காதில் விழும். தவறாகத் தீர்ப்பிட்ட ரீடைமரின் பிழையோ சுத்தமான, கூர்மையான பிட்டாக வெளியே வருகிறது. அடுத்து நிற்பவருக்குச் சந்தேகப்படவே காரணம் இல்லை. லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்பது கறாரான அளவாகத் தெரியும். 32 ஜிகாபிட் வேகத்தில் அது அரை நிமிடத்துக்கு ஒரு பொய். அறிவு தன்னளவிலேயே செல்லும், மறுக்கப்படும்வரை அதை நம்பலாம் என்றனர் மீமாம்சகர். செல்லுபடிக்கு வெளிச்சான்று வேண்டும் என்றனர் நியாயவாதிகள். இந்த வழக்கில் நான் நியாயவாதிகள் பக்கம். முகம் சுத்தமாக இருப்பது சான்றாகாது. வெளிச்சான்றைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்பதை 1950இல் ஹாமிங் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீடு காட்டியது. வியப்பு என்னவென்றால், வேதத்தின் செல்லுபடிக்காக வாதாடிய மீமாம்சகர்களின் சொந்த மரபிலேயே அந்த வெளிச்சான்று இருந்தது. கனபாடத்தில் சொற்கள் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று முன்னும் பின்னுமாக ஓதப்படுகின்றன. ஒரு சொல் பிறழ்ந்தால் மற்ற இடங்களில் அது காட்டிக்கொடுக்கப்படும்.

கடலடிக் கம்பிகள் பெருக்கிகளுக்கே திரும்பிவிட்டனவே என்று கேட்பவரும் உண்டு. உண்மை. 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழைக் கம்பியில் வழியெங்கும் பிட்டுகள் புதிதாக எழுதப்பட்டன. 1990களின் நடுவிலிருந்து எர்பியம் கலந்த இழை ஒளியை வெறுமனே பெருக்குகிறது. இதனால் தீர்ப்பு ஒழிந்துவிடவில்லை, கரைக்கு ஒத்திவைக்கப்பட்டது. கரையில் காத்திருக்கும் கருவி இன்று வெறும் 'ஆம்', 'இல்லை' கேட்பதில்லை. ஒவ்வொரு பிட்டும் வரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் குறித்துவைத்துப் பிழைதிருத்தியிடம் கொடுக்கிறது. சந்தேகத்தைத் தூக்கி எறியாமல் கூடவே கொடுத்தால் சுமார் 2 டெசிபல் ஆதாயம். அதாவது, அதே தெளிவுக்கு முன்பு வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான ஆற்றல் போதும்.

இடையில் நிற்பவர் தீர்ப்பும் சொல்ல வேண்டும், தம் ஐயத்தையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும் என்கிறேன். இரண்டும் ஒரே ஆளுக்கு முடியுமா? 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார். பாட்டில் ஒரு பாடத்தைத் தெரிந்தெடுத்து நிறுத்தினார். பிற ஏடுகளில் கண்ட பிரதிபேதங்களை, தமக்குப் பின் வருபவர் தீர்ப்பை மாற்றி எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளட்டும் என்பதுபோல, சிறு எழுத்தில் அடிக்குறிப்பில் வைத்தார்.