கைவினையும் பற்றும்

தன் கையால் பின்னிய ஒன்றில் ஒருவர் கொள்ளும் மகிழ்ச்சி ‘எனது’ என்னும் பற்றை வளர்க்கிறதா, தளர்த்துகிறதா என்ற கேள்விக்கு, ஹேவாஹெட்ட உள்ளிட்ட கண்டி வட்டாரத்து விகாரைகளில் வஸ் எனப்படும் மழைக்கால வாசம் முடிந்தபின் நிகழும் கட்டின பூசை ஒரு விடையைத் தருகிறது. அப்பூசையில் பிக்குகளுக்கு அளிக்கப்படும் சீவரம் என்னும் ஆடையை, விநயம் என்னும் துறவொழுக்க விதிப்படி, ஒரே நாளுக்குள் வெட்டித் தைத்துச் சாயமேற்ற வேண்டும்; முழுத்துணி வயற்பாத்திகளின் அமைப்பில் துண்டுகளாக்கப்படுவதால் அதன் விலைமதிப்புக் குறைகிறது, உழைப்போ கூடுகிறது.

பெரியபுராணம் போற்றும் நேசநாயனாரும் மனத்தைச் சிவனடியிலும், நாவை ஐந்தெழுத்திலும், கையைத் தறியிலும் வைத்து நெய்தவற்றை அடியார்களுக்கே அளித்தார். இரு மரபுகளிலும் செய்வதன் இன்பம் விலக்கப்படவில்லை. பொருள் கைமாறுகிறது, அவ்வளவே. கம்பளிப் பின்னல் பழகுபவரும், நழுவிய ஒரு கண்ணி கீழ்வரிசைகள்வரை அவிழ்ந்தோடுவதைக் கண்டு, பின்னியதைப் பிரிக்கும்போதே இத்துறவின் சிறு பங்கைக் கற்றுவிடுகிறார்.

கண்டியக் கைவினைகளை ஆராய்ந்து 1908இல் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி கலையை வழிபாட்டிலிருந்து பிரித்துக் காணவில்லை. எனினும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர அமைந்த இதே மலைகளில், கூலிக்குக் கொழுந்து பறிக்கும் கைகளுக்கு இவ்வாதம் எளிதில் பொருந்தாது. ஏனெனில், விரும்பிக் கொடுப்பதற்கு அப்பொருள் அவர்களுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை.