இரண்டு மாதக் காத்திருப்பு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள், நண்பர் ஒருவர் தம் மகனோடு என் இல்லத்திற்கு வந்தார். "ஹஜ்ரத், இவன் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்றே கேட்கிறான். எந்தக் கல்லூரியில் சேர்த்தால் உருப்படுவான்? நாளை மறுநாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும்" என்றார்.

அப்பையனை நான் நன்கறிவேன். என்னிடம் அரபு இலக்கணம் ஓதியவன். அம்மொழியில் மூன்று முதல் பத்து வரையுள்ள எண்கள், ஆண்பாற் பெயரோடு பெண்பால் வடிவிலும், பெண்பாற் பெயரோடு ஆண்பால் வடிவிலும் வரும். "ஏன் இப்படி மாறி வருகிறது?" என்று ஒருநாள் கேட்டான். "சட்டம் அப்படி, மனனம் செய்" என்று வாயை அடைத்துவிட்டேன். இலக்கண அறிஞர்கள் அதற்குக் காரணங்கள் கூறியிருப்பதை நான் அறியாதவனல்லன். அன்று எனக்குச் சோம்பல், அவ்வளவுதான். அதன்பின் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனவே, சற்றுக் கூச்சத்தோடுதான் பேசத் தொடங்கினேன்.

நண்பர் இரண்டு கல்லூரிகளை மனத்தில் வைத்திருந்தார். ஒன்று பெருநகரத்தில் பெயர் பெற்றது; மற்றது பக்கத்துச் சிற்றூரில் உள்ள சிறிய கல்லூரி. முன்னதில் சேர்ந்தால் ஊரார் மதிப்பர்; பின்னதில் சேர்ந்தால் பையன் கண்பார்வையில் இருப்பான். இவ்விரு காரணங்களில் எதுவும் பையனைப் பற்றியதன்று என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பிறர் பொருளைத் தன் பொருளோடு பிரித்தறிய இயலாதவாறு ஒருவன் கலந்துவிட்டால், அதற்கு அவன் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவனாகிறான். பிள்ளையின் அறிவு வேட்கையும் பெற்றோரிடமுள்ள அமானிதமே. அதில் தம் ஆசையையும் அச்சத்தையும் கலந்துவிட்டு, "எல்லாம் அவன் நன்மைக்கே" என்கிறோமே, அந்த ஈட்டை எதைக் கொண்டு கொடுப்பது?

மதரஸாக்களில் ஓதப்படும் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூலில், இமாம் ஸர்னூஜி அவர்கள் ஒரு செய்தி கூறுகிறார்கள். கல்வி தேடி புகாரா செல்லவிருந்த மாணவருக்கு சமர்கந்து அறிஞர் ஒருவர் கூறிய யோசனை அது. போனவுடன் எந்த ஆசிரியரிடமும் விரைந்து அமர்ந்துவிடாமல் இரண்டு மாதம் பொறுத்திருந்து, ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பாதியில் ஒருவரை விட்டு மற்றொருவரிடம் ஓடினால் கல்வியில் பரக்கத் இராது. புகாராவில் எந்த மதரஸா பெரிது என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை. ஆராயப்பட்டவர் ஆசிரியர். இமாம் அபூஹனீஃபா அவர்களும் ஹம்மாத் அவர்களைத் தேர்ந்துகொண்ட பின், அவர்கள் மறையும் வரை பதினெட்டு ஆண்டுகள் பிரியவில்லை என்பர்.

நம் பிள்ளைகளுக்கும் மார்ச்சில் தேர்வு முடிந்து மே மாதத்தில் முடிவு வரும் வரை ஏறத்தாழ அதே கால அளவு கிடைக்கிறது. அதை உறங்கிக் கழித்துவிட்டு, பணம் கட்டும் வாரத்தில் ஆலோசனை கேட்கப் புறப்படுகிறோம்.

சிறிய கல்லூரி என்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது. ஒரு துறையில் இரண்டே ஆசிரியர்கள் இருந்து, இருவருமே என்னைப்போல் வாயடைப்பவர்களாக இருந்தால், மாணவன் யாரிடம் போவான்? பெரிய கல்லூரியில் மூன்றாமவர் ஒருவராவது இருப்பார். ஆனால், தன்னாட்சி பெறாத கல்லூரிகளில், பெரியதாயினும் சிறியதாயினும், பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகமே; வினாத்தாளும் அதனுடையதே. அவற்றுள் எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் மனிதர்களைப் பொறுத்ததுதான். நூலக அலமாரி பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? வகுப்பு முடிந்த பின் ஆசிரியரைச் சூழ்ந்து நாலு பேராவது நிற்கிறார்களா? இவற்றை விளம்பரத்தாள் சொல்லாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் மூவரும் அச்சிற்றூருக்குப் போனோம். பையன் வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் ஏதோ கேட்டான். அவர் சிறிது யோசித்து, "எனக்குத் தெரியவில்லை தம்பி. பார்த்து வைக்கிறேன், வியாழக்கிழமை வா" என்றார். நண்பரின் முகம் வாடியது. தெரியாது என்று சொல்லும் ஆசிரியரிடமா பிள்ளையை விடுவது என்று என் காதில் முணுமுணுத்தார். பையனோ வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டுக் கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பேருந்தில், அந்த எண்களைப் பற்றி இலக்கண நூல்கள் கூறுவதை அவனிடம் சொன்னேன். நெடுநேரம் கேட்டுவிட்டு, "இது சரியான காரணமாகத் தோன்றவில்லையே, ஹஜ்ரத்" என்றான்.