வெளியேற வழியில்லாத ஈரம்

ஆண்டின் பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
நற்செய்தி: மாற்கு 7:1-8, 14-15, 21-23



இன்றைய நற்செய்தியில் வரும் பரிசேயர்களை நாம் கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் திட்டிவிடுகிறோம். கை கழுவாமல் சாப்பிடாதே என்று சொன்னால் அது குற்றமா? நம் வீட்டு அம்மாக்கள் தினமும் சொல்வதுதானே! கிண்ணமும் செம்பும் பளபளவென்று இருக்கட்டும் என்று நினைக்கிறவர்கள் மேல் இயேசுவுக்குக் கோபமில்லை. கிண்ணத்தைக் கழுவியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்களே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மனிதரைக் கெடுப்பது உள்ளத்திலிருந்து புறப்பட்டு வருகிறது என்கிறார். களவு, பேராசை, வஞ்சகம், பொறாமை, செருக்கு என்று அவர் அடுக்கும் பட்டியலைக் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்க்கத் தோன்றும். பார்க்க வேண்டாம்.

நம் திருப்பலிக்கு வரும் ஓர் அன்பரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்வரிசையில் தலையைக் குனிந்தபடி சிரிப்பது யார் என்று தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் வீட்டுக் கேரேஜில் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிட்டு ஓட்டலாம். இங்கே இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்து ஊரான அபிங்டனில், 1962 முதல் 1980 வரை இந்த வகைக் கார்களை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பினார்கள். நம்மூர் அம்பாசிடருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அம்பாசிடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்போர்டுதான், எம்.ஜி.யும் மாரிஸ் கேரேஜஸ் என்ற கடையில் பிறந்தது. இரண்டுக்கும் எஞ்சின்கூட ஒரே குடும்பம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம், மாரிஸ் மைனர் என்றாலே அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் காரை இவர் வாங்கியதே அதன் உள்ளழகைப் பார்த்துத்தான். தரை முழுக்கப் புத்தம் புது சிவப்புக் கார்ப்பெட். கதவுகளில் புது ரெக்சின். சீட்டுத் தோலுக்கு எண்ணெய் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். விற்றவர் நன்றாகவே பேசியிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மழை பெய்த பிறகு உள்ளே ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்த சாக்கை மடித்து வைத்தால் வருமே, அதே வாடை. வாசனை அட்டை வாங்கி மாட்டினார். அதுவும் நாம் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை கார்ப்பெட்டைத் தூக்கினார். அதன் அடியில் சணல் மெத்தை ஒன்று உண்டு, சத்தமும் சூடும் மேலே வராமலிருக்க. அந்த மெத்தை பழையது. பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. அதன் மேலேயே புதுக் கார்ப்பெட்டை ஒட்டியிருக்கிறார்கள். மெத்தைக்குக் கீழே தகரம் பல இடங்களில் துரு ஏறி, திருப்புளியால் தட்டினால் பிஸ்கட் போல உதிர்ந்தது.

இந்தக் காரில் தரை வெறும் தரையல்ல. லாரிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனியாக ஒரு சேசிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்கிற பெட்டித் தகடும்தான் காரின் எடை முழுவதையும் தாங்குகின்றன. நிலையான கூரையும் இல்லாத கார் என்பதால் எல்லாச் சுமையும் அவற்றின் மேல்தான். அவை உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்யும். கதவு சரியாகச் சாத்தாது. அப்போது பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கதவுக் கீலைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். எத்தனை குடும்பங்களில் இப்படிக் கீலை முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று, கல்யாண ஆலோசனைக்கு உட்காருகிற எந்தப் பாதிரியாரைக் கேட்டாலும் சொல்வார்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் உங்களில் கூர்மையான ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார்: "சாமி, ஆண்டவர் கேடு உள்ளேயிருந்து வருகிறது என்கிறார். மழை வெளியிலிருந்துதானே வருகிறது? உங்கள் கார் உதாரணம் நற்செய்திக்கு எதிராக அல்லவா போகிறது?" நியாயமான கேள்வி. பதில் அந்தக் காரின் கதவிலேயே இருக்கிறது.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றி, ஓரத்தில் சப்பையான கருவியை நுழைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் கதவின் உள்அட்டை கையோடு வந்துவிடும். ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு அது, மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள். அதன் பின்னால், கதவின் அடிவிளிம்பில், சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. எதற்கு? கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும் என்பது செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொட்டும் நுழையாத கதவு செய்ய அவர்கள் முயலவில்லை. நுழைந்தது கீழே வடிந்து சாலைக்குப் போகட்டும் என்று வழி வைத்தார்கள். அட்டை நனையாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய தடுப்புத் தாள். அவ்வளவுதான் ஏற்பாடு. முன்கண்ணாடிக்கு முன்னால், ஹீட்டருக்குக் காற்று போகிற ஜாலியிலும் இதே கதை. அதில் மழை விழத்தான் செய்யும். விழுந்த தண்ணீரைக் கீழே இறக்க ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது.

நம் அன்பரின் காரில் கதவுத் துளைகளைப் பழைய மண்ணும் மெழுகும் அடைத்திருந்தன. தடுப்புத் தாளை யாரோ கிழித்து எறிந்துவிட்டார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பில். ஹீட்டர் குழாயில் இலைச் சருகு மக்கிக் களியாகிக் கிடந்தது. அதை ஒரு கம்பியால் குத்தி எடுத்தபோது, நின்றிருந்த தண்ணீர் கருப்பாக இறங்கி ஓடியதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் ஞானஸ்நான வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆக, காரைக் கெடுத்தது மழையல்ல. அறுபது வருஷமாகத்தான் அதன் மேல் மழை பெய்கிறது. உள்ளே வந்து, போக வழியில்லாமல் தங்கிய தண்ணீர்தான் தகரத்தைத் தின்றது. வெளியிலிருந்து மனிதருக்குள் போவது அவரைத் தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவர் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வேலையிடத்தில் ஒருவர் நம்மைக் கேவலமாகப் பேசுகிறார். சொத்துப் பங்கீட்டில் அண்ணன் நமக்கு அநியாயம் செய்கிறார். பார்க்கக் கூடாத ஒன்று போனில் வந்து விழுகிறது. இவை நம்மேல் பெய்யத்தான் செய்யும். பெய்ததற்காக நாம் பாவிகள் ஆவதில்லை. அதை வடியவிடாமல் சேர்த்து வைத்து, ராத்திரி ராத்திரியாக எடுத்துப் பார்த்து, பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் நான்கு பேர் முன்னால் வாயைத் திறக்கிறோமே, அப்போது உள்ளிருந்து வருகிறதே ஒன்று, அதைத்தான் அவர் பட்டியல் போட்டிருக்கிறார்.

உள்ளே சேர்ந்ததை மூடி அழகுபடுத்துவதிலும் நாம் கெட்டிக்காரர்கள். தவக்காலத்துக்கு ஒரு கார்ப்பெட், திருவிழாவுக்கு ஒரு கார்ப்பெட். கோவிலுக்கு நன்கொடை, நவநாள், திருப்பயணம் எல்லாம் நல்ல காரியங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பங்குப் பேரவையும் என்னைச் சொல்ல விடாது. ஆனால் ஈரமான மெத்தையின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த கார்ப்பெட் போடுகிறோமோ, தண்ணீர் அவ்வளவு நாள் கண்ணில் படாமல் தங்கும்.

இன்னொரு விஷயம், இதில் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். துளைகளைத் திறந்து, தகரத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, எல்லாம் காய்ந்த பிறகு அவர் கதவுக்குப் புது அட்டை வெட்டி ரெக்சின் ஒட்டினார். அதற்குப் போடுகிற பசையை அட்டையிலும் தடவ வேண்டும், ரெக்சினின் பின்பக்கத்திலும் தடவ வேண்டும். தடவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்கலாம். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி இழுத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே ஆவி சிக்கிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், வெயில் பட்டதும் உரியும். சரியாகக் காய்ந்து ஒட்டிவிட்டாலோ பிரிப்பது பெரும்பாடு.

ஒப்புரவு விஷயத்தில் நம் பெரியவர்கள் செய்கிற தவறு இதுதான் என்று எனக்குப் படுகிறது. சண்டை போட்ட இரண்டு பேரைப் பிடித்துக் கிறிஸ்மஸ் விருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "ரெண்டு பேரும் கை குடுங்கப்பா" என்கிறோம். கை கொடுத்துவிடுகிறார்கள். பொங்கலுக்குள் கொப்புளம் கிளம்பிவிடுகிறது. ஒருவர் மட்டும் பசை தடவிக்கொண்டு வந்தாலும் ஒட்டாது. கெட்டது வடிய வேண்டும், காய வேண்டும், இரண்டு பக்கமும் ஆயத்தமாக வேண்டும். அதற்கு ஆகிற நாள்களை மன்னிக்க மனமில்லாத நாள்கள் என்று நாம் கணக்கெழுத வேண்டாம். ஆண்டவர் அவற்றை எப்படி எழுதுகிறார் என்று நமக்குத் தெரியாது.

சீட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. உட்காருகிற பக்கம் உண்மையான தோல், வருஷக் கணக்கில் வெயில் பட்டுக் காய்ந்து வரிவரியாக வெடித்திருந்தது. புதுச் செட் வாங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இவர் மென்மையான சோப்பும் மிருதுவான பிரஷும் வைத்து அழுக்கை எடுத்து, தோலுக்கான களிம்பைத் தடவி, ஊறவிட்டு, மறுபடி தடவி, பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டார். ஆழமாகக் கிழிந்த ஒரே பட்டையை மட்டும் பிரித்தெடுத்துப் புதுத் தோல் வைத்துத் தைத்தார். தையல் கொஞ்சம் கோணல். அதை மாற்றாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

உள்பக்கத்துக்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்டால், பாலைவனத்தில் ஆண்டவருக்காகச் செய்த கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். விடுதலைப் பயணம் 26ஆம் அதிகாரம், வீட்டில் எடுத்து வாசியுங்கள். கெருபுகளின் உருவங்களை வைத்து நெய்த, நீலமும் கருஞ்சிவப்பும் கலந்த மெல்லிய நார்ப்பட்டுத் திரைகள் உள்பக்கம். அதன் மேல் வெள்ளாட்டு மயிர். அதற்கும் மேல் செந்நிறமாகப் பதனிட்ட ஆட்டுக்கிடாய்த் தோல். எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொரு தோல் விரிப்பு. வழியில் போகிறவன் கண்ணுக்கு அது ஒரு தோல் கூடாரம், அவ்வளவே. பெட்சலேல் என்ற கைவினைஞர் தன் திறமையையெல்லாம் கொட்டியது, குருக்களைத் தவிர யாரும் நுழையாத உள்பக்கத்தில்.

யாக்கோபின் திருமுகத்தை இரண்டாம் வாசகத்தில் கேட்டோம். கேட்டுவிட்டுப் போகிறவர்களாக மட்டும் இருக்காதீர்கள் என்கிறார். எனவே நீளமாகப் பேசியதை நிறுத்திக்கொண்டு ஒரு அறிவிப்பைச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து 7 மணிவரை பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோவிலில் உட்கார்ந்திருப்பேன். தமிழிலும் சொல்லலாம், பிள்ளைகள் ஆங்கிலத்திலும் சொல்லலாம். வெகுநாளாயிற்றே, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையே என்று தயங்குகிறவர்கள் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன். வரிசையில் நிற்க வேண்டியிருக்குமோ என்ற கவலை வேண்டாம், இதுவரை இருந்ததில்லை.

இப்போது நம்பிக்கை அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.