இருவருக்கான ஓர் இரவு

மனைவியின் பிறந்தநாளுக்கு மாமல்லபுரத்துக் கடலோரத்திலோ ஏற்காட்டிலோ ஒரு ரிசார்ட்டில் அறை எடுத்து, மதியம் போய் இறங்கி, மறுநாள் முற்பகலில் அறையைக் காலி செய்துவிட்டுத் திரும்புவது இன்று நடுத்தரக் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. அதோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லும்போது, “அப்படியே பக்கத்துக் கோயிலுக்கும் போய்விட்டு வருகிறோம்” என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தோன்றுகிறது. கோயிலுக்குப் போவது புண்ணியம், ரிசார்ட்டுக்குப் போவது சுகபோகம் என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. இதற்குள் இருக்கும் கேள்வியை நேராகவே கேட்கலாம். இல்லறத்தில் இருப்பவர்கள் கடமைகளை இறக்கி வைத்துவிட்டு, ஒருவரோடொருவர் மகிழ்ந்திருப்பதற்காக மட்டுமே ஓர் இரவு ஒதுங்குவது அறத்துக்குப் புறம்பானதா? இல்லை என்பதே என் கருத்து. அந்த ஓய்வு இல்லறத்துக்கு நேர்ந்த விதிவிலக்கு அல்ல, இல்லறத்தின் ஒரு பகுதி. நம் சமய மரபு இதை நாம் நினைப்பதைவிட அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

இல்வாழ்வான் யார் யாரைப் பேண வேண்டும் என்று வள்ளுவர் ஐந்து பேரைக் கணக்கிடுகிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரோடு ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். தான் நலமாக இருந்தால்தான் மற்ற அறங்களைச் செய்ய முடியும் என்பதால் தன்னைப் பேணுவதும் அறமே என்று உரையாசிரியர் பரிமேலழகர் இதற்குக் காரணம் காட்டுகிறார். இல்லறம் இருவர் நடத்துவது. அதனால் அந்த ஐந்தாவது பங்கு இருவருக்குமானது, இருவருக்கும் நடுவே உள்ள உறவுக்குமானது. மற்ற நால்வரையும் குறைவின்றிப் பேணிய வீட்டில்கூட இந்தப் பங்கு விடுபட்டுப் போகலாம். பெரியபுராணத்தில் திருநீலகண்டர் வரலாறு இதைத்தான் காட்டுகிறது. தில்லையில் வாழ்ந்த குயவர் அவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதில் ஒரு நாளும் தவறாதவர். அவர் செய்த தவற்றால் மனம் நொந்த மனைவி, தொடக் கூடாது என்று இறைவன் பெயரால் ஆணையிடுகிறார். அன்றிலிருந்து ஒரே கூரையின் கீழ், அடியார் தொண்டும் குறையாமல், வீட்டு வேலையும் குறையாமல், முதுமை வரை இருவரும் தொடாமலே வாழ்கிறார்கள். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. சிவபெருமான் யோகியாக வந்து, தாம் அவரிடம் கொடுத்துவைத்த ஓடு காணாமல் போன வழக்கை மூட்டி, இருவரையும் குளக்கரைக்கு வரவழைக்கிறார். மூங்கில் கழியின் இரு முனைகளைப் பிடித்தபடி அவர்கள் நீரில் மூழ்கி எழும்போது இளமை திரும்பியிருக்கிறது. அத்தனை ஆண்டுத் தொண்டுக்கு இறைவன் கொடுத்த பரிசு என்ன என்று யோசிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் துறக்கும் வைராக்கியத்தை அவர் கொடுக்கவில்லை. இருவருக்கும் இளமையைத் திரும்பக் கொடுத்தார். கடமை நிறைந்த வீட்டிலும் கணவனும் மனைவியும் தொலைவில் இருக்க முடியும் என்பதையும், அந்தத் தொலைவு தெய்வமே வந்து தீர்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய குறை என்பதையும் சேக்கிழார் இதில் சொல்லிவிடுகிறார்.

இன்னும் வலுவான சான்று திருவரங்கத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. பங்குனித் திருவிழாவில் ஆயில்ய நட்சத்திரத்தன்று அங்குள்ள உற்சவரான நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளுகிறார். அன்று அங்கிருக்கும் அவருடைய துணைவி கமலவல்லி நாச்சியாரின் பிறந்த நட்சத்திரம். அவரோடு சேர்த்தியில், அதாவது ஒன்றாக வீற்றிருந்துவிட்டு, இரவில் திரும்புகிறார். மூன்று நாள் கழித்துப் பங்குனி உத்திரம், திருவரங்கத்துத் துணைவி ரங்கநாயகித் தாயாரின் பிறந்த நட்சத்திரம். தாயார் தம் சந்நிதி எல்லையைத் தாண்டி வருவதில்லை என்பதால் பெருமாளே அவரைத் தேடி வர வேண்டும். வந்தவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. உறையூர்ப் பயணம் பற்றிய ஊடல் அது. பிரணயகலகம் என்று பெயர் பெற்ற அந்த உற்சவத்தில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைத்த பிறகே கதவு திறக்கிறது. அதன் பிறகு இருவரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்திருக்கும் காட்சி, ஆண்டில் அந்த ஒரு நாள்தான். உலகையெல்லாம் காப்பதாகச் சொல்லப்படும் தெய்வத்துக்கு, துணைவியின் பிறந்தநாளுக்கென்று பயணமும், கோபமும், சமாதானமும், இரவு நெடுநேரம் நீளும் சேர்த்தியும் வைத்தவர்கள் நம் முன்னோர்கள்.

தெய்வங்களின் திருவிளையாடலை மனிதர்களுக்கு வழிகாட்டியாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெய்வம் செய்வதையெல்லாம் நாம் செய்ய முடியாது, இரு மனைவியர் கதை உட்பட. ஆனால் நான் பார்ப்பது தெய்வத்தின் செயலை அல்ல, அந்த வேளைக்கு ஆசாரியர்கள் கொடுத்த மதிப்பை. ராமானுசர் சரணாகதி செய்து கத்யம் என்னும் உரைநடைத் துதியைச் சமர்ப்பித்தது இந்தப் பங்குனி உத்திரச் சேர்த்தியின் முன்னால்தான் என்று வைணவ மரபு போற்றுகிறது. அதிலும் முதலில் தாயாரிடமும், பிறகு பெருமாளிடமும். தம் வாழ்வின் ஆகப்பெரிய விண்ணப்பத்துக்கு ஒரு துறவி தேர்ந்தெடுத்த நேரம், தம்பதியர் ஊடல் தீர்ந்து மகிழ்ந்திருக்கும் நேரம். அந்த மகிழ்ச்சி கடவுளிடமிருந்து மனத்தைத் திருப்பிவிடும் என்று அவர் கருதவில்லை. கருணை அப்போதுதான் பெருகும் என்று நம்பினார். இது வைணவத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், புதிதாக மணம் முடித்தவன் ஓராண்டுக்குப் போருக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்று சட்டமே இருக்கிறது. நபிகள் நாயகம் பயணத்தின் நடுவே தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு மனைவி ஆயிஷாவோடு ஓட்டப் பந்தயம் வைத்தார் என்று முஸ்னத் அஹ்மத் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. கூட்டத்தை முன்னே அனுப்பிய அந்தச் செயல்தான் இங்கே முக்கியம். இருவருக்கென்று ஓர் இடைவெளியை அவர் வேண்டுமென்றே உண்டாக்கினார்.

பிறந்தநாளே வெளிநாட்டுப் பழக்கம்தானே என்பது அடுத்த ஆட்சேபம். கேக்கும் மெழுகுவத்தியும் வெளியிலிருந்து வந்தவை, சரி. ஆனால் வயதை ஒட்டித் தம்பதியர் ஊர்விட்டு ஊர் போய்த் தங்குவது நமக்குப் புதிதல்ல. திருக்கடையூரில் அபிராமி சந்நிதியைச் சுற்றியுள்ள விடுதிகளில் போய்ப் பார்த்தால் தெரியும். அறுபது நிறைந்தவர்களும் எண்பது நிறைந்தவர்களும் முதல் நாளே வந்து அறை எடுத்துத் தங்கி, மறுநாள் மீண்டும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அந்த அழகான வழக்கத்தில் ஒரு குறை உண்டு. எண்ணப்படுவது கணவனின் வயது மட்டும்தான். மனைவிக்கு அறுபது நிறையும் நாளுக்குச் சடங்கும் இல்லை, பயணமும் இல்லை. திருவரங்கத்துப் பெருமாள் போவது நாச்சியாரின் நட்சத்திரத்துக்கு. நம் வீடுகளில் அந்த நட்சத்திரம் பல ஆண்டுகள் யாருக்கும் நினைவில்லாமலே கடந்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாடினால் பாயசம் வைப்பவரும் பெரும்பாலும் பிறந்தநாள்காரிதான். வீடு என்பது ஆணுக்கு ஓய்விடம், பெண்ணுக்குப் பணியிடம் என்ற நிலை இருக்கும்வரை, அவருக்கு ஓய்வு கொடுக்க ஒரே வழி அந்த இடத்தைவிட்டு வெளியே அழைத்துப் போவதுதான்.

அப்படியானால் ரிசார்ட்டில் படுக்கை விரிக்கும் பெண்ணின் ஓய்வு எங்கே என்று கேட்பவர்களுக்கு எளிதான பதில் இல்லை. அவருக்குச் சம்பளமும் வேலை நேரமும் உண்டு, வீட்டு வேலைக்கு இரண்டும் இல்லை என்ற வேறுபாட்டைச் சொல்லலாம். ஆனால் அந்தச் சம்பளம் போதுமானதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தங்குகிறவர் கையில் இருப்பது, அறையை அலங்கோலமாகப் போட்டுவிட்டு வராமல் இருப்பதும், அந்தப் பெண்ணின் கையிலேயே மனமாரப் பணம் கொடுப்பதும், மரியாதையாகப் பேசுவதும். செலவைப் பற்றி வள்ளுவர் கண்டிப்பானவர். தன் அளவறியாமல் வாழ்பவனின் வாழ்க்கை இருப்பதுபோல் தோன்றி இல்லாமல் போகும் என்கிறார். கடன் அட்டையில் தவணை போட்டு, படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகப் போகும் பயணத்தை நான் ஆதரிக்கவில்லை. அதில் இருவரும் இல்லை, பார்ப்பவர்கள்தான் இருக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் தாயையோ காய்ச்சலில் கிடக்கும் குழந்தையையோ விட்டுவிட்டுப் போவதும் கூடாது. அந்த நாளைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. மற்றபடி, ஓர் இரவு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாத்தா பாட்டியிடமோ அக்காவிடமோ கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுத்து உறங்கும் வீட்டில் வாழும் தம்பதிக்கு இந்தத் தனிமை மற்ற எவரையும்விட அதிகம் தேவை. அவர்களால் ரிசார்ட்டுக்குப் போக முடியாது. உறவினர்களில் யாராவது பிள்ளைகளை ஓர் இரவு தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

இந்த ஆண்டு மனைவியின் பிறந்தநாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று இன்றே பாருங்கள். எங்கே போக விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். கடற்கரையானாலும் மலையானாலும், இல்லை கதவைச் சாத்திக்கொண்டு மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினால் போதும் என்றாலும், அவர் சொன்னபடியே செய்யுங்கள். பெரியவர்களிடம் பொய்க் காரணம் சொல்லாமல், இருவரும் சேர்ந்திருக்கத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய் வாருங்கள்.