தன் விலையைக் கேட்டவன்

மனிதனுக்கு விலை வைப்பது தகுமா என்பது பழைய கேள்வி. ஐ.பி.எல். கிரிக்கெட் அதை வேறு தளத்துக்கு நகர்த்தியிருக்கிறது: தன் விலையைத் தன் காதாலேயே கேட்டுவிட்டவனின் பிரக்ஞைக்கு என்ன நேர்கிறது?

2025இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு இறங்கியது. அந்த நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். வேகப்பந்து வீச்சாளர் பதிரனாவை விடுவித்தார்கள். கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் சென்னையின் கையிருப்பு 43.40 கோடி. அதில் 28.40 கோடி, இந்திய அணிக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குப் போயிற்று. ஆளுக்கு 14.20 கோடி. அனுபவம் மிக்க நியூஸிலாந்து வேகப்பந்து வீச்சாளர் மாட் ஹென்றிக்கு 2 கோடி.

ஜடேஜாவைக் கொடுத்ததுதான் கொடுமை என்று பலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிமாற்றத்துக்கு ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரு பந்துகளில் அவர் எடுத்த பத்து ஓட்டங்கள் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டவை. அவற்றை யாரும் அழிக்க முடியாது.

இளைஞர்களின் நிலை வேறு. நான் வேலை பார்க்கும் வங்கியில் பயிர்க்கடனும் இன்னும் விளையாததன் பேரில்தான் போகிறது. ஆனால் தொகையைக் கேட்பவர் விவசாயி, கையெழுத்தும் அவருடையது. இவர்களுடைய அடிப்படை விலை 30 லட்சம். மீதி முழுக்க அணி முதலாளிகளின் போட்டியில் ஏறியது. அசலும் வட்டியும் கட்ட வேண்டியவர்கள் மட்டும் இவர்கள், கூட்டத்தின் முன்னால், பந்துக்குப் பந்து.

பணம் ஒரு குடும்பத்தை மீட்கும் என்பதை மறுக்கவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. மறு வருஷம் ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. 2020 டிசம்பரில் அவர் இந்திய அணிக்கு ஆடியது அந்த இறங்கிய விலையில் இருந்தபோதுதான். விலைக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு இவ்வளவே.

எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டி மாட்டுச் சந்தை கூடும். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசைச் சொல்வார்கள். விலையைத் துண்டுக்கு அடியில் விரல்களால் பேசுவார்கள். அது தரகர்களின் தந்திரம்தான், கருணை அல்ல. ஆனாலும் மாடு தன் விலை தெரியாமல் ஏர் இழுக்கிறது. மனிதனுக்கு அந்தச் சலுகை இல்லை.

விமர்சகர்களான நமக்கும் இதில் பங்குண்டு. முதல் தொகுப்பு வந்த கையோடு ஒருவனை நாளைய பெருங்கவி என்று அறிவிக்கிறோம். அதன்பின் அவன் எழுதுவது கவிதையா, தவணையா? எழுதப்பட்டதற்கு விலை சொல்வது நம் தொழில். எழுதப்படாததற்குச் சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், துண்டுக்கு அடியில் சொல்லலாம்.